அலமாரியில் அம்மா பக்கம்

அத்தியாயம் 11

வேங்கிக்கால் வீட்டில் பால் காய்ச்சி முடித்தாயிற்று. வந்த சொந்தங்கள் சாப்பிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, ஹால் கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டது என்று சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள். போகாமல் இருந்திருக்க வேண்டிய ஒருத்தியும் அவர்களுக்குப் பின்னாலேயே போய்விட்டாள். இந்த வீட்டைக் கட்டிய பாலாஜியின் அம்மா திரௌபதி. பால் பாக்கெட் போடுகிறவனிடம் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று ஒரு காரணத்தை எடுத்துவைத்து, பழைய வீட்டுக்குப் போக கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அப்பா ராமதாஸ் போகவில்லை. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கலெக்டர் ஆபீஸ் பக்கம் டீக்கடை, படிக்கப் பேப்பர், பேசுவதற்குத் தெரிந்த முகங்கள் என்று வேங்கிக்கால் அவருக்குச் சீக்கிரமே ஒட்டிக்கொண்டுவிட்டது.

இனி அம்மாவும் அப்பாவும் இங்கேதான் என்பது பாலாஜி வீடு கட்டக் கடைக்கால் போட்ட நாளிலேயே முடிவான விஷயம். யார் முடிவு செய்தது என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இல்லை. பல வீடுகளில் பெரிய முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

அவர்களுக்கென்று ஒதுக்கிய அறையில் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும் அலமாரி போடுவதாக ஏற்பாடு. அதற்காக இன்டீரியர் வேலை செய்யும் புகழேந்தி போன வாரம் வந்து சுவரை அளந்துவிட்டு, யார் யாருக்கு என்னென்ன வைக்க வேண்டும் என்று கேட்டுச் சொல்லும் பொறுப்பை மருமகள் கவியாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பொறுப்புதான் இந்த வாரம் அவள் தலையில் விடிந்தது.

கவியா வேலை செய்வது இ-சேவை மையத்தில். நாள் முழுக்கக் கேள்வி கேட்பதும் பதிலைப் பதிவதும்தான் வேலை. வந்தவர் சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்ய வேண்டும். அவர் மனசில் வேறு ஏதாவது இருக்குமோ என்று யோசித்தால் வரிசை நகராது. பிறந்து வளர்ந்தது ஓசூரில். அந்த வீட்டில் பசித்தால் பசிக்கிறது என்பார்கள். போதும் என்று சொன்னால் சாதக் குண்டானை மூடிவிடுவார்கள்.

அதே பழக்கத்தில் அவள் மாமனாரிடம் கேட்டாள். அவர் ஒரு சாயங்காலம் முழுவதும் பதில் சொன்னார். சட்டைகள் தொங்க ஒரு கம்பி, வேட்டிக்குத் தனித்தட்டு, மாத்திரை டப்பாவுக்குக் கைக்கெட்டும் உயரத்தில் ஓரிடம், டார்ச் லைட்டுக்கு அதன் பக்கத்தில் ஓரிடம். சங்க விழாக்களில் போட்ட பொன்னாடைகள் ஒரு மூட்டை இருக்கிறதே, அவற்றை மடித்து வைக்க அகலமான தட்டு. பூட்டு வைத்த ஒரு சின்ன டிராயர். அதில் என்ன வைப்பீர்கள் மாமா என்று கவியா கேட்டதற்கு, அது அப்புறம் தோணும்மா என்றார்.

மாமியாரிடம் போனில் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்றாள் திரௌபதி.

கவியா அதையும் அப்படியே புகழேந்தியிடம் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை. பௌர்ணமி வேறு. கிரிவலக் கூட்டத்தில் மத்தியானத்துக்கு மேல் ஊருக்குள் வண்டி நகராது என்று பாலாஜியின் அக்கா அன்புச்செல்வி காலையிலேயே டவுனிலிருந்து வந்துவிட்டாள். தூக்குவாளி நிறையக் கொழுக்கட்டை. புது வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அவளுக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு. சிங்க்குக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையை வந்த கையோடு இடம் மாற்றினாள்.

புகழேந்தி லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து வைத்தார். அறையும் அலமாரியும் கண்ணால் பார்ப்பதுபோலத் திரையில் தெரிந்தன. கதவுகளைத் திறந்து காட்டினார். இடதுபாதியில் ராமதாஸ் கேட்டதெல்லாம் கேட்ட இடத்தில் இருந்தது. வலதுபாதியில் இஸ்திரிப் பெட்டி, வாக்குவம் கிளீனர், மடக்குக் கட்டில், கார்த்திகை தீபத்துக்கு வந்து தங்கும் ஜனங்களுக்கான பாய், தலையணை. இடம் ஒரு இன்ச் கூட வீணாகவில்லை என்று அவருக்குப் பெருமை.

அன்புச்செல்வி குனிந்து பார்த்தாள். கதவை மூடச் சொல்லி, திரும்பத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு எங்க?"

புகழேந்தி கவியாவைப் பார்த்தார்.

"அத்தை வேணாம்னாங்க அண்ணி."

"எத்தினி தடவ கேட்ட?"

"ஒரு தடவதான்."

ராமதாஸ் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பில்லை. சின்னப் பிள்ளை தப்பாகக் கணக்குப் போட்டால் வருமே, அந்தச் சிரிப்பு. பாலாஜி சிரிக்கவில்லை. காது மடல் சிவந்துபோயிற்று.

இந்த வீட்டுக்கு என்று ஒரு இலக்கணம் இருக்கிறது. திரௌபதியிடம் எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்பாள். அது பதிலே இல்லை. இரண்டாம் முறையும் வேண்டாம் என்பாள். அது மரியாதை. மூன்றாம் முறை கேட்டால் பேசாமல் இருப்பாள். பேசாமல் இருந்தால் வேண்டும் என்று பொருள். கிரகப்பிரவேசத்துக்குப் பட்டுப்புடவை எடுத்தபோதும் இதே கதைதான். வேண்டாம் வேண்டாம் என்றவளுக்கு பாலாஜி ஊதா நிறத்தில் ஒரு பட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். கட்டிக்கொண்டுதானே வந்தாள். இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்?

இந்த இலக்கணத்தைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். மருமகளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அவள் எங்கே போய்ப் பார்ப்பாள்?

"பாத்திரம் வெளக்கறவங்களுக்குக்கூட அவங்க பொருளை வெக்க ஒரு இடம் இருக்கும்" என்றாள் அன்புச்செல்வி. பிறகு குரலைச் சற்று இளக்கி, வேடிக்கையாகக் கேட்பதுபோல, "மாமியாரு வந்து ஒக்காந்துடப் போறாங்கன்னு பயந்துட்டியா கவியா?" என்றாள்.

வேடிக்கை என்று எடுத்துக்கொள்ள அதில் இடம் இருந்தது. கவியாவால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நாளைக்கு இந்தக் கதை டவுனில் அன்புச்செல்வி வீட்டுக்குப் போகும், அங்கிருந்து கீழ்பென்னாத்தூருக்குப் போகும். மாமியாருக்கு ஒரு தட்டுகூட வைக்காத மருமகள் என்று பெயர் வந்துவிட்டால், பிறகு எத்தனை தட்டு வைத்தாலும் அந்தப் பெயர் போகாது. பாலாஜி ஏதாவது சொல்வான் என்று அவனைப் பார்த்தாள். அவன் அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்பீக்கரில் போட்டான். "அம்மா, ஒனக்குக் கப்போர்டுல என்னென்ன வெக்கணும்?"

"எனக்கு வேணாம்பா. கவியாகிட்ட அன்னிக்கே சொன்னேனே."

போனை வைத்துவிட்டு, இதைத்தான் சொன்னேன் என்பதுபோல எல்லாரையும் பார்த்தான். "போன்ல இப்படித்தான் சொல்லும். நேர்ல போய் மூணு தடவ கேக்கணும். மூணாவது தடவ பேசாம இருந்தா வேணும்னு அர்த்தம்."

போர்டு எல்லாம் சாயங்காலம் கட்டிங்குக்குப் போகிறது, ஒருமுறை வெட்டிவிட்டால் அளவு மாற்ற முடியாது, அதற்குள் முடிவு சொல்லுங்கள் என்றார் புகழேந்தி. அம்மாவின் புடவை அடுக்கை அளந்து, மடித்த அகலம் என்னவென்று தெரிந்துகொண்டு வந்தால் தட்டுகளை அதற்குத் தகுந்தபடி போட்டுவிடுவதாகச் சொல்லித் தன் டேப்பையே எடுத்துக் கவியாவிடம் கொடுத்தார். தப்பு செய்தவள்தான் போக வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

ஊரைவிட்டு வெளியே போகும் பஸ் காலியாகத்தான் இருந்தது. எதிரே வந்த பஸ்களில்தான் படிவரை கூட்டம். கவியா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒரே கேள்வியை மூன்று தடவை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு போனாள். முதல் தடவை கேட்டதையே இரண்டாம் தடவையும் கேட்கலாமா, வார்த்தையை மாற்ற வேண்டுமா? நடுவில் எவ்வளவு நேரம் விடவேண்டும்? அவளுக்குக் கோபமாக வந்தது. வேண்டும் என்று சொல்லிவிட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

கீழ்பென்னாத்தூர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. திரௌபதி கூடத்தில் உட்கார்ந்து, பழைய வேட்டி ஒன்றை விரித்துப் போட்டு, அதில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். வெயில்ல எதுக்கும்மா வந்த, சாப்ட்டியா என்று கேட்டாள். கவியா சாப்பிட்டுவிட்டேன் என்றாள். சாப்பிடவில்லை. இந்த வீட்டுக் காற்று தனக்கும் ஒட்டிக்கொண்டதா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

கூடத்தில் ஏற்கெனவே மூன்று மூட்டைகள் கட்டி வைத்திருந்தாள். கவியா பார்த்தாள். எல்லாம் மாமனாருடையவை. பொன்னாடைகள் ஒரு மூட்டை. அவருடைய ஸ்வெட்டர், மஃப்ளர், செருப்பு, முழங்காலுக்குத் தடவும் தைலம். திரௌபதியின் புடவை ஒன்றுகூட அவற்றில் இல்லை.

"உங்க பொடவையெல்லாம் எங்க அத்தை? அளவு எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

திரௌபதி கொஞ்சம் தயங்கினாள். பிறகு உள் அறையைக் காட்டினாள்.

அது அவளுடைய மாமியார் படுத்திருந்த அறை. பல வருஷம் படுக்கையிலேயே கிடந்து போன வருஷம்தான் அந்தம்மாள் போய்ச் சேர்ந்தார். கவியா கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அறை டெட்டால் வாசனையோடு இருட்டாக இருக்கும். இப்போது வெளிச்சமாக இருந்தது. சுவரைக் குடைந்து கட்டிய பழைய அலமாரிக்கு இளநீலத்தில் சுண்ணாம்பு அடித்திருந்தது. திரௌபதியே அடித்திருக்கிறாள் என்பது ஓரங்களில் தெரிந்தது. இடுப்பு உயரத் தட்டில் புடவைகள், கையைத் தூக்காமல் எடுக்கிற மாதிரி. அந்த ஊதாப் பட்டு அடியில் இருந்தது. அதற்குக் கீழ்த்தட்டில் தையல் சாமான் டப்பாவும் ஒரு எஃப்.எம். ரேடியோவும். அலமாரியை ஒட்டிக் கட்டில். படுத்தபடியே கை நீட்டினால் எட்டுகிற தட்டில் மூக்குக்கண்ணாடி, தண்ணீர்ச் செம்பு. மேல்தட்டு மட்டும் காலியாக இருந்தது.

கையில் டேப் இருந்ததால் கவியா புடவை அடுக்கை அளந்தாள். அளந்த பிறகுதான், வேறு வீட்டுக்குப் போகப் போகிறவள் எதற்காக இந்த அலமாரிக்குச் சுண்ணாம்பு அடித்தாள் என்ற கேள்வி அவளுக்கு வந்தது. டேப்பை விட்டாள். அது சர்ரென்று சுருண்டுகொண்டது.

"மேல என்ன வெக்கப் போறீங்க அத்தை?"

"எதுவும் இல்ல. எதையாவது வெச்சே ஆவணும்னு இருக்கா?"

கவியா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்த மூன்று கேள்விகளும் மறந்துபோயின. "அத்தை, நீங்க அங்க வரலையா?"

திரௌபதி உடனே பதில் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று காலையில் படித்த இலக்கணப்படி கவியா யோசித்தாள். ஆனால் மாமியாரின் முகத்தைப் பார்த்தபோது அந்த இலக்கணம் உதவவில்லை.

"நான் வேணாம்னு சொன்னேன் இல்ல" என்றாள் திரௌபதி. "அந்த ஊதாப் பொடவகூட நெஜமாவே வேணாம்னுதான் சொன்னேன். அந்தக் கலரு எனக்குப் புடிக்காது. வாங்கிட்டு வந்துட்டான், கட்டிக்கிட்டேன். பொடவன்னா கட்டிக்கலாம். இது அப்படி இல்லையே."

கவியா கேட்டுக்கொண்டிருந்தாள். திரௌபதி பேசிப் பழகாதவள். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அது சரியாக வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள், யார் யாருக்கு என்ன பத்தியம், எந்தப் பிள்ளைக்கு எந்த நேரம் பள்ளிக்கூடம் என்று நிறையச் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் போனபின் மாமியார் படுக்கையில். மாமியார் போனபின் புருஷன், வேலையில்லாமல் வீட்டிலேயே. கிரகப்பிரவேசம் முடிந்து அவள் மட்டும் திரும்பி வந்த அன்றைக்குத்தான் இந்த வீட்டில் முதல் தடவையாகத் தனியாக இருந்தாள்.

"பயமா இருக்கும்னு நெனச்சேன். இல்ல. காலையில எழுந்து எனக்கு மட்டும் காபி போட்டேன். சக்கரை எவ்ளோ போடறதுன்னு தெரியல கவியா. மத்தவங்களுக்குப் போட்டது போக மிச்சத்தைத்தான குடிச்சிருக்கேன். ஒரு நாளு ஜாஸ்தி போட்டேன், ஒரு நாளு கம்மியா போட்டேன். எனக்குக் கம்மியாதான் புடிக்குதுன்னு இப்பதான் தெரிஞ்சிது."

சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருத்தி சொல்லிக்கொள்கிற ஆசையா இது என்று நினைத்திருக்க வேண்டும். கவியாவுக்கு அழுகை வந்தது. மாமியாருக்காகவா, காலையில் பட்ட பேச்சுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

"மாமா மேல கோவமா அத்தை?"

"ச்சே. நல்ல மனுஷன். அவருக்கு அங்க புடிச்சிருக்கு, இருக்கட்டும். நான் வாரத்துக்கு ஒருக்கா வந்து எல்லாரையும் பாத்துட்டுப் போறேன். கொஞ்ச நாளைக்கு நான் மட்டும் இருந்து பாக்கறேனே. நான் சொன்னா அவங்களுக்குக் காதுல ஏறாது. நீ சொல்லிடும்மா. நீ ஒருத்திதான் நான் சொன்னதை நான் சொன்ன மாதிரியே எடுத்துக்கிட்ட."

கவியா தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே பயந்தாள். மறைக்கத் தோன்றவில்லை, சொல்லிவிட்டாள்.

"நான் சொன்னா, நான்தான் உங்கள வரவிடலன்னு ஆயிடும் அத்தை. அண்ணி ஏற்கெனவே கேட்டுட்டாங்க."

திரௌபதி மருமகளைப் பார்த்தாள். அன்புச்செல்வி என்ன கேட்டிருப்பாள் என்று ஒரு தாய்க்குத் தெரியாதா? எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு பருத்திப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, முகம் கழுவிவிட்டு வந்தாள். "வா, போலாம். என் வாயாலயே சொல்றேன்" என்றாள். மருமகள் சாப்பிடவில்லை என்பதைக் கண்டுபிடித்து, கிளம்பும் முன் நான்கு இட்லியை வைத்துக் கொடுத்தாள். கவியா வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கிரிவலக் கூட்டம். நிற்கவே இடமில்லை. யாரோ எழுந்து திரௌபதிக்கு இடம் கொடுத்தார்கள். கவியா பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள். திரௌபதியின் உதடுகள் லேசாக அசைந்துகொண்டே இருந்தன. மலையைப் பார்த்து வேண்டிக்கொள்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். சொல்ல வேண்டியதை அவள் சொல்லிப் பார்க்கிறாள் என்பது கவியாவுக்குத் தெரிந்தது.

அம்மாவை வாசலில் பார்த்ததும் பாலாஜிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நேரில் கேட்க ஆள் அனுப்பினால் ஆளே வந்துவிட்டது என்று ராமதாஸ் சொல்லிச் சிரித்தார். அன்புச்செல்வி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை லேப்டாப்புக்கு நேரே உட்கார வைத்தாள். புகழேந்தி வலதுபாதியில் இருந்த இஸ்திரிப் பெட்டியையும் பாய் தலையணையையும் ஏற்கெனவே திரையில் உச்சித் தட்டுக்கு ஏற்றிவிட்டிருந்தார். அம்மா பக்கம் பளிச்சென்று காத்திருந்தது.

"அம்மா, இங்க ஆறு தட்டு" என்றான் பாலாஜி. "கீழ ரெண்டு டிராயர். அப்பாவுக்கு இருக்கற மாதிரியே பூட்டு வெச்சி. போதுமா?"

"எனக்கு வேணாம்பா."

"சரிம்மா. மொகம் பாக்கற கண்ணாடி, கதவுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வேணாம் பாலாஜி. நான் என்னா சொல்றேன்னா..."

உள்பக்கம்தான் நல்லது, வெளியே வைத்தால் படுக்கை தெரியும் என்றாள் அன்புச்செல்வி. புகழேந்தி கண்ணாடியை உள்பக்கம் வைத்தார். கொக்கி எங்கே என்று கேட்டார். அதற்கும் அன்புச்செல்வியிடம் பதில் இருந்தது. திரௌபதி பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி அவளுடைய அலமாரி வளர்ந்துகொண்டே போயிற்று. அத்தனையும் பாசத்தோடுதான் நடந்தது. அதுதான் கொடுமை.

கவியாவால் பொறுக்க முடியவில்லை. "அத்தை வேணாம்னு சொல்றாங்க. வேணாம்னா வேணாம்னுதான் அர்த்தம். யாராவது அவங்க பேசறத கேளுங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றாள் அன்புச்செல்வி. "காலையில பண்ணது போதும்."

"அவளை எதுக்குடி பேசற?"

திரௌபதியின் குரல் அப்படி வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சத்தம் அதிகமில்லை. ஆனால் புகழேந்தியின் கை நின்றது.

"நான் இங்க இருக்க வரல" என்றாள் திரௌபதி. "இந்தப் பொண்ணு ஒண்ணும் என்னை வேணாம்னு சொல்லல. நான்தான் வேணாம்னு சொல்றேன். அப்பா இங்க இருக்கட்டும். நான் நம்ம வீட்லயே இருக்கப் போறேன்."

"தனியாவா?" என்றான் பாலாஜி.

"தனியாதான்."

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. பாலாஜி அம்மாவைப் பார்த்தான், பிறகு கவியாவைப் பார்த்தான். இதில் இவள் பங்கு என்ன என்று அவன் கண்ணில் ஒரு கணம் வந்து போனதைக் கவியா பார்த்துவிட்டாள். வலித்தது. அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

எல்லாரும் ராமதாஸ் என்ன சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடதுபாதியில் அவருடைய சட்டைக்கம்பி, மாத்திரைத் தட்டு, பொன்னாடைத் தட்டு, எதற்கென்று இன்னும் தோன்றாத அந்தப் பூட்டு டிராயர். அதையெல்லாம் ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, அப்ப என் பக்கமும் வேணாம். எடுத்துடுங்க."

புகழேந்தி எடுத்துவிட்டார். ஒரு தட்டு தட்டினார், பாதி அலமாரி திரையிலிருந்து போய்விட்டது. நிஜமாகவா சார் என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு தடவை யோசித்துச் சொல்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்ற சொல் அந்த வீட்டில் முதல் தடவையிலேயே பலித்ததைக் கவியா கண்ணால் பார்த்தாள்.

"அவ இல்லாம எனக்கு இங்க என்னா இருக்கு?" என்றார் ராமதாஸ். "நானும் அங்கயே இருந்துக்கறேன்."

பொய் சொல்லக் கூடாது. அவர் மனசாரத்தான் சொன்னார். டீக்கடையையும் பேச்சுத் துணைகளையும் புது அறையையும் பெண்டாட்டிக்காக விடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று அவர் விட்டுக்கொடுத்ததில் இதுதான் பெரிசு என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

அன்புச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. பாலாஜி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். தனக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள், இப்படிப் பார்த்ததில்லை என்றார் புகழேந்தி. அந்த அறையில் கவியா ஒருத்திக்குத்தான் இளநீலம் அடித்த ஒரு அலமாரி ஞாபகத்துக்கு வந்தது. அதன் காலியான மேல்தட்டில் நாளைக்கே பொன்னாடைகள் ஏறிவிடும். சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது?

திரௌபதியே சொன்னாள். "வேணாங்க. நீங்க இங்கயே இருங்க."

ராமதாஸ் பிள்ளைகள் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது.

"பாத்தீங்களா? அவ அப்படித்தான் சொல்லுவா."

உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். மாத்திரை டப்பா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, கூட்டம் ஜாஸ்தி ஆவறதுக்குள்ள போயிடலாம், கெளம்பு என்றார்.

திரௌபதி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.